ஹெட்டி ப்ளாக்பூல் போகாத வாரம்

ஹெட்டி ஆர்மராட் பதின்மூன்று வயதில் மேல் மில்லில் தறி ஓட்டப் போனவள். ஹேவர்டன் ஊரில் அப்போது ஆறு மில்கள் இருந்தன. குன்றின்மேல் ஏறிப் போகவேண்டியிருந்ததால் அதற்கு மேல் மில் என்று பெயர். முதல் நாள் தறிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்தவள், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலுக்கே ஓடி வந்துவிட்டாளாம். நானூறு தறிகள் ஒரே கூரையின் கீழ் அடிக்கும்போது காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. ஒரு மாதத்தில் அந்த இரைச்சல் பழகிவிட்டது. ஒரு வருஷத்தில், மற்றப் பெண்களைப் போலவே அவளும் குரல் எழுப்பாமல், வாயை அகலத் திறந்து மூடி, கண்ணையும் புருவத்தையும் சேர்த்து இழுத்து, நாலு தறி தள்ளி நிற்பவளோடு ஊர் வம்பு முழுவதும் பேசக் கற்றுக்கொண்டாள்.

முப்பத்தைந்து வருஷம் அப்படியே போயிற்று. காது பாதி போய்விட்டது. கண் மட்டும் கூர்மையாகிக்கொண்டே வந்தது. தெருவின் அந்தக் கோடியில் இரண்டு பேர் நின்று பேசினால், இந்தக் கோடியில் இருந்தே உதட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். ஆகவே தன்னைப் பற்றி ஊரில் என்ன பேசுகிறார்கள் என்பது அவளுக்கு எப்போதும் தெரிந்திருந்தது. பெரும்பாலும் யாரும் ஒன்றும் பேசவில்லை.

பேசுவதற்கு என்ன இருந்தது? அவளுக்கு இருபது வயதாகும்போது அம்மா காச நோயில் போய்விட்டாள். அப்பா நிலக்கரி வண்டிக்காரர். போர் நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஜனவரி காலை, உறைபனியில் குதிரை சறுக்கி வண்டி கவிழ்ந்து, அவருக்கு இடுப்பு முறிந்தது. அதற்குப் பிறகு பதின்மூன்று வருஷம் அவர் எழுந்திருக்கவில்லை. முன்னறையில் கட்டிலைப் போட்டாள். காலையில் துடைத்து, ஓட்ஸ் கஞ்சி ஊட்டிவிட்டு மில்லுக்குப் போவாள். மத்தியானச் சங்கு ஊதியதும் ஓடி வந்து புரட்டிப் படுக்க வைத்துவிட்டு மறுபடி ஓடுவாள். தேவாலயப் பாடகர் குழுவில் இருந்த ஹேரல்ட் ரிக்பி என்பவர் ஒரு சமயம் மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளோடு வீடு வரை நடந்து வந்தார். நாலாவது மாதம் வாசலில் நின்று, "உங்க அப்பாவை யாராவது பாத்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"யாரு?" என்றாள் ஹெட்டி.

அடுத்த ஞாயிறு அவர் வேறு வழியாக வீட்டுக்குப் போனார்.

ஆண்டுக்கொரு முறை, ஜூலையில் வேக்ஸ் வாரம் வரும். ஆறு மில்லும் ஒரே நாளில் மூடும். கொதிகலன் அணையும். கடைக்காரன், ரொட்டிக்காரன், முடிவெட்டுகிறவன் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு கடற்கரைக்கு, முக்கால்வாசிப் பேர் ப்ளாக்பூலுக்குப் போய்விடுவார்கள். அந்த ஒரு வாரம் ஹேவர்டனில் பூனைகளும் படுக்கையில் கிடப்பவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும்தான் மிச்சம். புகை இல்லாத வானத்தை ஜன்னல் வழியாகப் பார்த்து ஹெட்டியின் அப்பா, "இந்த ஒரு வாரந்தான் ஊருக்கு மூஞ்சி கழுவி விடுறாங்க" என்பார். ஒவ்வொரு வருஷமும் அதையே சொல்வார். ஹெட்டியும் புதிதாகக் கேட்பது போலச் சிரிப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருஷம் பிப்ரவரியில் அவர் காலமானார்.

அந்த ஜூன் மாதம் ஒருநாள் பக்கத்துத் தறி மேபல், நூல் தீர்ந்த நாடாவை மாற்றிக்கொண்டே வாயசைத்தாள். "ஏண்டி ஹெட்டி, இந்த வருஷம் உனக்குத்தான் கால்கட்டு இல்லையே. வேக்ஸுக்கு எங்க போற?"

மேபலும் அவளும் பதினெட்டு வருஷமாக அடுத்தடுத்த தறியில் நிற்கிறவர்கள். 'எங்களோட வாயேன்' என்று அடுத்த வார்த்தை வரும் என்று ஹெட்டி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேபல் அறுந்த இழையை முடிச்சுப் போடக் குனிந்துவிட்டாள்.

"ப்ளாக்பூல்" என்றாள் ஹெட்டி, மேபல் நிமிர்ந்ததும். "அறைக்கு எழுதிப் போட்டிருக்கேன்."

அதுவரை எழுதவில்லை. அன்று சாயங்காலம்தான் எழுதினாள். கூரைக்கு அடியில் ஒற்றைக் கட்டில் அறை ஒன்று இருக்கிறது, வரலாம் என்று ஒரு விடுதிக்கார அம்மாள் பதில் போட்டாள். ஹெட்டி நீலத்தில் ஒரு தொப்பி வாங்கினாள். அப்பாவின் பழைய பெட்டிக்கு மெருகு போட்டாள். பால்காரரிடம் ஒரு வாரம் பால் வேண்டாம் என்றாள், செய்தித்தாள்காரரிடமும் சொன்னாள். அவள் குடியிருந்த ஆல்மா தெருவில் யாரும் கேட்காதபோதும், "நானும் போறேன், சனிக்கிழமை காலை வண்டி" என்று இரண்டு மூன்று பேரிடம் சொன்னாள்.

சனிக்கிழமை ரயில் நிலையத்தில் நிற்க இடமில்லை. பெட்டிகள், குழந்தைகள், மணல் வாளிகள். சிறப்பு வண்டி வந்து நின்றதும் கூட்டம் அலைமோதியது. ஹெட்டி நடைமேடை நடுவில் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எந்தக் கதவில் ஏறுவது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே மூடிய ஜன்னலுக்குப் பின்னால் மேபலும் அவள் புருஷன் ஹெர்பர்ட்டும் உட்கார்ந்திருந்தார்கள். மேபல் ஹெர்பர்ட்டிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"அதோ ஹெட்டி நிக்கிறா. பார்க்காதீங்க, பார்க்காதீங்கன்னா! பார்த்தா இதுலதான் ஏறுவா. ஏறிட்டா வாரம் பூரா நம்ம தலையிலதான்."

"பாவம், தனியா நிக்குது" என்றார் ஹெர்பர்ட்.

"பாவந்தான். அதுக்கு என் லீவைத் தூக்கி அவகிட்ட குடுக்கச் சொல்றீங்களா?"

அப்போது மேபலின் கண் அவள்மேல் பட்டுவிட்டது. உடனே முகமெல்லாம் சிரிப்பாக, 'வா வா' என்று கையாட்டினாள். ஹெட்டியும் சிரித்தாள். வண்டியின் பின்பக்கத்தைச் சுட்டிக்காட்டி, 'அங்கே இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்' என்று வாயசைத்தாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். வண்டியின் கடைசிப் பெட்டி வந்தது. அதையும் தாண்டி நடந்தாள். நடைமேடை சரிந்து முடியும் இடத்தில் சரக்கு வாசல் திறந்திருந்தது. அதன் வழியே வெளியே போய்விட்டாள். வண்டி ஊதிக் கிளம்பியது காலடியில் அதிர்வாகத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் பின்சந்து வழியாக வந்தாள். பின்கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழ் போட்ட பிறகுதான் யோசனை வந்தது. இனி என்ன செய்வது? வெளியே தலைகாட்டினால், 'என்ன, போகலையா?' என்று யாராவது கேட்பார்கள். பெட்டியைப் பிரித்துச் சாமானை அடுக்கினாள். விடுதிக்கார அம்மாளுக்கு, உடம்பு சரியில்லை, வர முடியவில்லை என்று கடிதம் எழுதி, உறையை ஒட்டி, தபால்தலையும் ஒட்டினாள். அதைத் தபாலில் போட வெளியே போகவேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. கடிதம் மேஜைமேலேயே கிடந்தது.

அப்படித்தான் ஹெட்டி தன் வீட்டுக்குள்ளேயே ஒளிந்து வாழ ஆரம்பித்தாள். முன்பக்கத் திரையைத் திறக்கவில்லை. அடுப்பில் நெருப்பு மூட்டினால் புகைபோக்கி காட்டிக் கொடுத்துவிடும், அதனால் ஒற்றைக் கேஸ் அடுப்பில் டீ மட்டும் போட்டாள். டப்பாப் பால், நேற்றைய ரொட்டி, கிறிஸ்துமஸுக்கு என்று வைத்திருந்த டின் சால்மன் மீன். துவைத்ததைக் கொல்லையில் காயப்போட முடியாமல் சமையலறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலய மணி அடித்தபோது எழுந்து உடை மாற்றிக்கொண்டு, எங்கும் போக முடியாமல், அப்பாவின் கட்டில் இருந்த இடத்தில் நாற்காலியைப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு வழக்கம்போல் விழிப்பு வந்தது. சங்கு ஊதவில்லை. தெருவில் கட்டைச் செருப்புச் சத்தம் இல்லை. சத்தம் இல்லாத இடத்தில் அவள் காதுக்குள் தறி ஓடிக்கொண்டிருந்தது, நிற்காமல். பகல் முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. மாலையில், பேச்சு வருகிறதா என்று பார்ப்பதற்காகத் தேநீர்க் கோப்பையிடம், "சூடு ஆறிப்போச்சு" என்று சொன்னாள். குரல் கரகரத்து வந்தது.

செவ்வாய்க்கிழமை பத்து மணி சுமாருக்கு மாடி முன்னறைக்குப் போனாள். வெறும் தெருவையாவது பார்க்கலாம் என்று வலைத்திரையின் ஓரத்தை இரண்டு விரலால் விலக்கினாள். எதிர்வீட்டு மாடியிலும் ஒரு திரை விலகியிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு முகம்.

இரண்டு பேரும் அசையவில்லை. பிறகு எதிர்வீட்டுத் திரை பட்டென்று விழுந்தது.

அது மிஸஸ் வாம்ஸ்லியின் வீடு. அறுபத்திரண்டு வயது விதவை. கீழ் மில்லில் நாற்பது வருஷம் தறி ஓட்டி ஓய்வு பெற்றவள். ஆல்மா தெருவிலேயே அவள் வாசல்படிதான் பளிச்சென்று இருக்கும். வாயும் அப்படித்தான். ஹெட்டி ஒருமுறை அப்பாவின் விரிப்பைத் தெருப்பக்கம் உதறிவிட்டாள் என்று நடுத்தெருவில் நின்று அவள் போட்ட சத்தத்தில் நாலு வீட்டுக் கதவு திறந்தது. அதிலிருந்து இருவருக்கும் தலையசைப்போடு சரி. மிஸஸ் வாம்ஸ்லியின் மகன் ரெஜினால்ட் ப்ரெஸ்டனில் பெரிய கடையில் மேலாளர். வருஷா வருஷம் வேக்ஸுக்கு அம்மாவை ப்ளாக்பூலுக்கு அழைத்துப் போகிறான் என்பது தெரு முழுவதும் தெரிந்த விஷயம். அவளே சொல்லி வைத்ததுதான்.

ஹெட்டி கீழே இறங்கி வந்துவிட்டாள். மத்தியானம் வரை மாடிக்குப் போகவில்லை. ஆனால் பார்த்தது பார்த்ததுதான். இரண்டு மணிக்குப் போய்த் திரையை முழுசாகவே விலக்கினாள். எதிரே மிஸஸ் வாம்ஸ்லி ஏற்கெனவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், தலையில் முடி சுருட்டும் கிளிப்புகளோடு.

ஹெட்டி தறிக்கூடத்தில் பேசுவது போல வாயை அகலத் திறந்து அசைத்தாள். "நீங்க ப்ளாக்பூல் போகலையா?"

"போயிருக்கேன்" என்றாள் மிஸஸ் வாம்ஸ்லி, கண்ணாடிக்குப் பின்னால். "தெரியலையா உனக்கு? கடல்ல கால் நனைச்சுக்கிட்டு இருக்கேன்."

ஹெட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளில் முதல் சிரிப்பு.

"நீ எங்க போயிருக்க?"

"நானும் அங்கதான். வடக்குப் பக்கம்."

"அங்க காத்து அதிகமாச்சே. தொப்பியப் பத்திரமா பிடிச்சுக்க." பிறகு மிஸஸ் வாம்ஸ்லி தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். "யார்கிட்டயும் சொல்லிடாத" என்றாள்.

"யார்கிட்ட சொல்லப்போறேன்? நானே ஒளிஞ்சுக்கிட்டில்ல இருக்கேன்."

மிஸஸ் வாம்ஸ்லிக்கு இது மூன்றாவது வருஷம். மருமகளின் அம்மா அவர்களோடு சேர்ந்துவிட்டாளாம். இரண்டு கிழவிக்கு அறையில் இடம் இல்லை, இந்த வருஷம் மட்டும் பொறுத்துக்கோங்கம்மா என்று ரெஜினால்ட் எழுதினானாம். 'இந்த வருஷம் மட்டும்' மூன்று தடவை வந்துவிட்டது. அவனுக்கு, தேவாலயத்துச் சிநேகிதிகளோடு போகிறேன் என்று எழுதிவிடுவாள். தெருவில் மகனோடு போகிறேன் என்பாள். பெட்டியோடு கிளம்பி, சந்து சுற்றி, பின்கதவு வழியாக வந்துவிடுவாள்.

ஒளிந்து வாழும் வித்தையில் அவள் கைதேர்ந்திருந்தாள். "பின்கதவுத் தாழுக்கு எண்ணெய் விட்டியா? கொல்லைக்குப் போறப்ப கிறீச்சுங்கும். முதல் வருஷம் தக்காளி டின்னா வாங்கி அடுக்கிட்டேன். நாலாம் நாள் வயிறு என்ன ஆச்சுன்னு கேக்காத." கை இரண்டையும் வயிற்றில் வைத்து முகத்தைக் கோணிக் காட்டினாள். ஹெட்டி ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த நேரம் மிஸஸ் வாம்ஸ்லியின் முகம் மாறியது. "போலீஸ் வர்றான்! உள்ள போ, உள்ள போ!" இரண்டு திரையும் விழுந்தன. பூட்டிய வீடுகளைப் பார்வையிட வரும் கான்ஸ்டபிள் ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு போனார். ஹெட்டியின் கதவையும் தள்ளினார். அவள் மாடித் தரையில் தவழ்ந்த நிலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள், நாற்பத்தெட்டு வயதில்.

புதன், வியாழன் இரண்டு நாளும் காலையில் டீக்கோப்பையோடு வந்து உட்கார்ந்தால் மாலை வெளிச்சம் போகும் வரை பேச்சுத்தான். நடுவில் முப்பதடி தெரு, இரண்டு கண்ணாடி. ஒரு சத்தம் கிடையாது. ஹேவர்டனில் மில் சங்கு ஊதாத வாரம் அது. யாராவது நடந்து போயிருந்தால் பூட்டிய வீடுகள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஹெட்டி யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னாள். ஹேரல்ட் ரிக்பியைப் பற்றிச் சொன்னாள். ரயில் ஜன்னலில் மேபலின் உதட்டைப் படித்ததைச் சொன்னாள்.

"மேபலா? அவ மூஞ்சியைப் பாரு" என்றாள் மிஸஸ் வாம்ஸ்லி. "ஆனா ஒண்ணு சொல்றேன் புள்ள. மத்தவங்க வாயைப் பார்க்கிறதை நிறுத்து. எனக்கும் அந்த வியாதி உண்டு. மருமக என்னைப் பத்திப் பேசினதைச் சமையல்கட்டுக் கண்ணாடியில பார்த்துட்டேன். காது கேட்கிறவங்களுக்குக் கதவைச் சாத்தினாப் போதும். நமக்குக் கண்ணையில்ல சாத்தணும்."

வியாழன் மாலை ஹெட்டி இதைச் சொன்னாள். "அப்பா போனாரே, அன்னைக்குக் காலையில நான் டீ போட்டுக் குடிச்சேன். உட்கார்ந்து குடிச்சேன். பதிமூணு வருஷத்துல முதல் தடவை. அப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அரை மணி நேரம். அப்புறம் அதை நெனச்சு நெனச்சுத்தான் தூக்கம் வரல."

மிஸஸ் வாம்ஸ்லி நாற்காலியை ஜன்னலுக்கு நெருக்கி இழுத்துப் போட்டாள். "எனக்கு ரெண்டு நாள் இருந்துச்சு" என்றாள். "வால்டர் குடிச்சுட்டு அடிப்பான். தெருவுக்குத் தெரியாது. செத்தப்ப ரெண்டு நாள் சந்தோஷமா இருந்தேன். மூணாம் நாள் அவன் கோட்டைப் பார்த்ததும் அழுதேன். அரை மணி நேரத்துக்கு எவளாவது தூக்கத்தை விடுவாளா? போய்ப் படு."

அன்று ஹெட்டி தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை முதலே அவளுக்கு ஒரு யோசனை. நாளைக்கு எல்லாரும் திரும்பிவிடுவார்கள். மத்தியானம் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு வாயசைத்தாள். "பின்சந்து வழியா வாங்களேன். ஒரு டின் பீச் பழம் இருக்கு. ஒண்ணா உட்கார்ந்து டீ குடிக்கலாம்."

மிஸஸ் வாம்ஸ்லி தலையை ஆட்டினாள். "வேணாம்."

"கான்ஸ்டபிள் நாலு மணிக்குத்தான் வருவாரு."

"அதுக்கில்ல." அவள் முடி சுருட்டும் கிளிப்புகளை அவிழ்க்க ஆரம்பித்திருந்தாள். "இங்க சொன்னதையெல்லாம் உன் எதிர்ல உட்கார்ந்து என்னால சொல்லியிருக்க முடியாது. உன் வீட்டுக்கு வந்து டீ குடிச்சுட்டேன்னா, திங்கக்கிழமை தெருவுல உன் மூஞ்சியை எப்படிப் பார்ப்பேன்? நான் இந்தத் தெருவுல தலைநிமிர்ந்து இருந்தாகணும் ஹெட்டி."

அவள் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நான் யார்கிட்டயும்..."

"தெரியும். நீ சொல்ல மாட்ட. ஆனா உனக்குத் தெரியும்ங்கிறது எனக்குத் தெரியுமே, அதுதான் கஷ்டம்."

திரை மெதுவாக விழுந்தது. ஹெட்டி நாலு மணி வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு கீழே போய்ப் பீச் டின்னைத் திறந்து, பாதியைச் சாப்பிட்டு, மீதியை ஒரு கிண்ணத்தில் மூடி வைத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் வண்டிகள் வந்தன. ஹெட்டி பெட்டியும் நீலத் தொப்பியுமாகச் சரக்கு வாசல் வழியாகக் கூட்டத்தில் கலந்துகொண்டாள். பத்தடி முன்னால் மிஸஸ் வாம்ஸ்லி யாரோ இரண்டு பெண்களிடம், இந்த வருஷம் மருமகள் தன்னை எப்படித் தாங்கினாள் என்று சொல்லிக்கொண்டு நடந்தாள். முகம் வெயிலில் இருந்தவள் போலச் சிவந்திருந்தது. கன்னத்தைக் கிள்ளிவிட்டுக்கொண்டிருப்பாள் என்று ஹெட்டிக்குத் தோன்றியது. தெரு முனையில் இருவரும் நேருக்கு நேர் வந்தார்கள். மிஸஸ் வாம்ஸ்லி, எப்போதும் போல, தலையை ஒரு தடவை அசைத்தாள். ஹெட்டியும் அசைத்தாள்.

திங்கட்கிழமை சங்கு ஊதியது. "எப்படியிருந்துச்சுடி?" என்று மேபல் தறிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள். "உன்னைத் தேடினோமே! எங்கேயும் காணோம்."

"பெரிய ஊராச்சே" என்றாள் ஹெட்டி.

அதற்குப் பிறகு தினமும் வேலை முடிந்து வந்ததும் மாடிக்குப் போய் ஐந்து நிமிஷம் நிற்பாள். எதிர்வீட்டு மாடித் திரை மூடியே இருந்தது. ஆகஸ்ட், செப்டம்பர். ஒருநாள் திரை கொஞ்சம் விலகியது. ஹெட்டி கையைத் தூக்கினாள். ஜன்னல் துடைக்கிறவன் ஏணியில் வந்திருந்தான், அவனுக்காக விலக்கியது.

அக்டோபரில் மருமகளின் அம்மா இறந்துபோனாள். ப்ரெஸ்டன் வீட்டில் ஓர் அறை காலியாயிற்று. ஒரு சனிக்கிழமை சாமான் வண்டி வந்து நின்றது. ஆல்மா தெருப் பெண்கள் எல்லாம் வாசலுக்கு வந்து வழியனுப்பினார்கள். ஹெட்டி தன் படியிலேயே நின்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. வண்டியின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்த மிஸஸ் வாம்ஸ்லி, கண்ணாடி வழியாக இவள் பக்கம் பார்த்து என்னவோ வாயசைத்தாள். கண்ணாடியெல்லாம் மழைத்துளி. முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக ஹெட்டிக்கு ஓர் உதடு பிடிபடவில்லை. இரண்டு படி இறங்கி ஓடினாள். அதற்குள் வண்டி திரும்பிவிட்டது.

அது என்னவாக இருக்கும் என்று மூன்று வாரம் யோசித்தாள். தறி ஓடும்போது யோசித்தாள், உருளைக்கிழங்கு சீவும்போது யோசித்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல், விலாசம் விசாரித்து, எழுதியே கேட்டுவிட்டாள். பதிலுக்கு ஒரு தபால் அட்டை வந்தது.

"உன்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல. பூந்தொட்டி உருளுது, பார்த்து ஓட்டுன்னு டிரைவரைத் திட்டினேன். இங்க சௌக்கியம். பெரிய அறை. எல்லாரும் என் காதுக்குள்ள கத்துறாங்க. வாயை அசைச்சாப் போதும்னா ஒருத்தருக்கும் புரியல. ஃப்ளாரி வாம்ஸ்லி."

ஹெட்டி அதை நாலைந்து தடவை படித்தாள். அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. பதில் எழுத உட்கார்ந்து, என்ன எழுதுவது என்று தெரியாமல், எதிர்வீட்டு வாசல்படியைப் புதிதாகக் குடிவந்தவர்கள் தேய்ப்பதே இல்லை என்று எழுதினாள். அதற்குப் பதில் வரவில்லை.

அடுத்த வேக்ஸுக்கு ஹெட்டி நிஜமாகவே ப்ளாக்பூல் போனாள். ரயிலில் எந்த ஜன்னலையும் பார்க்காமல், வந்து நின்ற முதல் கதவில் ஏறினாள். அதே விடுதி, அதே ஒற்றைக் கட்டில். 'போன வருஷம் உடம்புக்கு என்ன?' என்று விடுதிக்கார அம்மாள் விசாரித்தாள். தானே எழுதி ஒரு வாரம் கழித்துப் போட்ட கடிதத்தை ஹெட்டி மறந்தே போயிருந்தாள். நாலு நாள் மழை. கடல் அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அவளுக்குப் பிடித்தது காலைச் சாப்பாடு. உட்கார்ந்திருக்க, வேறு ஒருத்தி முட்டையும் பன்றி இறைச்சியும் பொரித்துக் கொண்டுவந்து முன்னால் வைக்கிறாள். சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டும் போகிறாள். ஒருவர் மட்டும் உட்காரும் மூலை மேஜை அவளுக்கு. மற்ற மேஜைகளில் குடும்பங்கள். அவர்கள் பேசுவதைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தட்டையே பார்த்துச் சாப்பிட்டாள். அதன் பிறகு பன்னிரண்டு வருஷம், மேல் மில்லை விட்டு ஓய்வு பெறும் வரை, ஒரு வருஷமும் தவறாமல் அந்த மூலை மேஜைக்குப் போய்வந்தாள்.

இதற்கு நடுவில், ஐம்பத்தேழாம் வருஷம் மார்ச்சில், ரெஜினால்டிடமிருந்து கறுப்பு ஓரம் போட்ட அட்டையில் அம்மா இறந்த செய்தி வந்தது. அம்மாவின் விலாசப் புத்தகத்தில் இருந்த எல்லாருக்கும் அனுப்பியிருந்தான். ஹெட்டி மில்லில் ஒருநாள் விடுப்புக் கேட்டு, கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ப்ரெஸ்டன் போனாள். தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது எழுந்து நின்றாள். பிறகு எல்லாரோடும் வீட்டுக்குப் போய், பன்றித் தொடை இறைச்சி வைத்த ரொட்டியும் டீயும் கையில் வாங்கிக்கொண்டு சுவரோரம் நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளும் மிஸஸ் வாம்ஸ்லியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது அந்தத் தேவாலயத்தில்தான்.

ரெஜினால்ட் அவளிடம் வந்தான். தலை வழுக்கையாகத் தொடங்கியிருந்த, களைத்த மனிதன். "மன்னிக்கணும், நீங்க...?"

"ஆல்மா தெரு. எதிர்வீடு. ஹெட்டி ஆர்மராட்."

"ஓ! நீங்கதானா ஹெட்டி!" அவன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மா உங்களைப் பத்திப் பேசாத நாளே இல்லை. அந்த வருஷம் எங்களால கூட்டிட்டுப் போக முடியல பாருங்க, எனக்கு மனசே சரியில்ல. அப்புறம் இங்க குடி வந்தப்பதான் சொன்னாங்க, உங்களோட ப்ளாக்பூல் போனேன், எதிர்வீட்டுப் பொண்ணு, வாரம் பூரா வாய் ஓயாமப் பேசிக்கிட்டே இருந்தோம்னு. அதுதான் அவங்க போன கடைசி லீவு."

ஹெட்டி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாகத்தான் படித்தோமா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"நல்லா இருந்துச்சாமே?" என்றான் அவன்.

"ஆமாங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு."

"எங்க தங்கினீங்க? கேட்டா அம்மா சொல்லவே மாட்டாங்க."

"மாடியில. எதிரெதிரா ரெண்டு அறை."

"கடல் தெரிஞ்சுதா?"

ஹெட்டி யோசித்தாள். "கடல் தெரியல" என்றாள். "ஆனா ஜன்னல் பெருசு. வெளிச்சம் நல்லா வரும்."

அவன் தலையை ஆட்டினான். கண் கலங்கியிருந்தது. யாரோ கூப்பிட, "இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். ஹெட்டி இன்னொரு கோப்பை டீ வாங்கி, நின்றுகொண்டே குடித்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினாள்.

ஹேவர்டனில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மில் விட்டு ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். நிறுத்தத்தில் மேபல் நின்றாள். "என்னடி இது, கறுப்புக் கோட்டு? எங்க போயிட்டு வர்ற?"

"ஒரு சாவு. ப்ரெஸ்டன்ல."

"ப்ரெஸ்டன்லயா? உனக்கு அங்க யாரு இருக்கா?"

"சிநேகிதி" என்றாள் ஹெட்டி. தெருவில் இரைச்சலாக இருந்ததால் கொஞ்சம் பலமாகவே சொன்னாள்.

மேபல் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது.